பில்லில் தேதி ஏன் ஒரு நாள் பின்தங்குகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேறு பில்லிங் மென்பொருளிலிருந்து எங்களுடையதற்கு மாறி வருகிறவர்கள், பழைய கணக்கை ஏற்றும் நாளில் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்ட விதத்திலேயே எழுதுகிறோம்: "தம்பி, விடியக்காலம் மூணு மணிக்குப் போட்ட பில்லு எல்லாம் முந்தின நாள் தேதியில நிக்குது. எட்டு மணிக்குப் போட்டது சரியா இருக்கு. ஒரே மெஷின், ஒரே ஆளு. அதெப்படி?"

போனில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. ஏப்ரல் மாதம் புதுக் கணக்கு தொடங்கும் முன் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பில் சேமிக்கப்படும் சர்வர் எந்த ஊரில் இருந்தாலும், அதன் கடிகாரம் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்கு நீங்கள் பில் போடும்போது சர்வருக்கு ஞாயிறு இரவு 9:30. புரோகிராம் எழுதியவர் அந்த நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றாமல், தேதியை மட்டும் வெட்டி எடுத்து பில்லில் அச்சிட்டால் ஞாயிற்றுக்கிழமை தேதிதான் வரும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5:30 வரை போடும் பில் எல்லாவற்றுக்கும் இதே கதி. 5:30 தாண்டிவிட்டால் இரண்டு தேதியும் ஒன்றாகிவிடும், பிழை கண்ணில் படாது.

காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும் அலுவலகங்களில் இந்தப் பிழை வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். நம் ஊர் அப்படியில்லை. பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், விடிய விடிய கல் காயும் பரோட்டா கடை, இரவு ரயிலில் இறங்கி வருகிறவர்களுக்கு அறை கொடுக்கும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ் என்று அந்த ஐந்தரை மணி நேரத்திலும் மதுரையில் பணம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இங்கே விற்கும் மென்பொருளை இங்கே இருக்கும் நேரத்தில் சோதிக்க வேண்டும் என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு. நள்ளிரவு 12:01, அதிகாலை 5:29, 5:31 ஆகிய நேரங்களில் சோதனை பில் போட்டுப் பார்க்காமல் எந்தப் புதுப் பதிப்பையும் நாங்கள் வெளியே விடுவதில்லை.

இதே பிழைக்கு இன்னொரு முகம் உண்டு. அது இதைவிட மோசம். நேரமே கேட்காமல் தேதியை மட்டும் கேட்கும் கட்டங்களில் வருவது. காலண்டரில் ஏப்ரல் 1-ஐத் தொடுகிறீர்கள். புரோகிராம் அதை "இந்திய நேரம் ஏப்ரல் 1, நள்ளிரவு 12:00" என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் மார்ச் 31, மாலை 6:30. திரும்ப எடுக்கும்போது நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் காட்டினால் மார்ச் 31. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒரே ஒரு வரியில் இந்த விபத்தை உண்டாக்கிவிடலாம். இதில் அதிகாலை, பகல் என்ற வித்தியாசம் கிடையாது, எல்லாத் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும்.

உங்கள் பழைய கணக்கில் இது இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பழைய மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பைத் திறந்து, தேதி உள்ள பத்தியை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். வரிக்கு வரி 18:30:00 என்று முடிந்தால் அதுதான் அடையாளம். மாலை ஆறரைக்கு மட்டுமே வியாபாரம் நடக்கும் கடை எதுவும் இல்லையே. தயவுசெய்து அதைக் கையால் திருத்தாதீர்கள். அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் எல்லாம் அதனதன் தேதிக்கு வந்துவிடும். நேரப் பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டு வெறும் தேதி மட்டும் மிஞ்சியிருந்தால் வேலை கடினம். அப்போது பழைய பில் புத்தகத்தோடும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டோடும் ஒத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் பழைய கோப்பு எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஒரு நாள்தானே, போகட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மார்ச் 31 இரவில் அப்படி விட முடியாது. ஏப்ரல் 1 அதிகாலை 1:10க்கு அறை எடுத்தவரின் பில் மார்ச் 31 தேதியில் விழுந்தால் அது போன நிதியாண்டின் வருமானம் ஆகிவிடும், மார்ச் மாத ஜிஎஸ்டி கணக்கிலும் ஏறும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராததாக இருக்க வேண்டும். புது வரிசை ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. எண் புது வருடத்தையும் தேதி பழைய வருடத்தையும் காட்டினால் ஆடிட்டர் உங்களைத்தான் கேட்பார், மென்பொருளைக் கேட்க மாட்டார்.

இனி, நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்பது. ஒரு விஷயம் நடந்த கணம் வேறு, காலண்டரில் உள்ள நாள் வேறு. பில் போட்ட கணம், பணம் வந்த கணம், அறைச் சாவி கொடுத்த கணம் இவற்றை யூடிசியில் சேமிக்கிறோம். உங்களுக்குக் காட்டும்போது கடையின் நேரத்துக்கு மாற்றுகிறோம், அதற்குப் பிறகுதான் தேதியைப் பிரிக்கிறோம். காசோலைத் தேதி, பிறந்த தேதி, கல்யாணத் தேதி போன்றவற்றுக்கு மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. அவற்றை வருடம், மாதம், நாள் என்று வெறும் தேதியாகவே வைக்கிறோம், எந்த மாற்றலுக்கும் உட்படுத்துவதில்லை. லாட்ஜ் வாடகைக்கு இரண்டு கணங்களைக் கழித்து மணி நேரத்தில் எண்ணுகிறோம். தேதியை எண்ணினால் இரவு 11:50க்கு வந்து காலை 8 மணிக்குக் கிளம்புகிறவருக்கு இரண்டு நாள் வாடகை விழும். 24 மணி நேரக் கணக்கு என்று பலகை வைத்திருக்கும் லாட்ஜுக்கு அது பெயரைக் கெடுத்துவிடும்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்: வியாபார நாள். சனிக்கிழமை மாலை கல்லைப் பற்றவைத்து ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கல்லாவைச் சாத்தும் பரோட்டா கடைக்கு அந்த வசூல் முழுக்கச் சனிக்கிழமை வசூல்தான். அமைப்புகளில் "நாள் முடியும் நேரம்" என்ற இடத்தில் உங்கள் நேரத்தைக் கொடுத்துவிட்டால் தினசரி வசூல் அறிக்கை அதன்படி வரும். ஆனால் வரி பில்லில் அச்சாவது எப்போதும் காலண்டர் தேதிதான். அதையும் வியாபார நாளுக்கு மாற்றித் தரும்படி சிலர் கேட்கிறார்கள். அதைச் செய்து தரமாட்டோம்.

கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். 10-ஆம் தேதி அதிகாலை 4:30 முதல் 6 வரை முகூர்த்தம் என்றால் மண்டபம் 9-ஆம் தேதி மாலையே அவர்களுக்கு வேண்டும். இன்னொரு வீட்டார் 10-ஆம் தேதி மாலை வரவேற்பு கேட்கிறார்கள். தேதியை மட்டும் பார்த்தால் இருவரும் மோதுவதுபோலத் தெரியும், உண்மையில் இருவருக்கும் இடம் உண்டு. 9-ஆம் தேதி மாலைக்கு ஒருவர் வந்தாலோ, தேதி காலியாகத் தெரிந்தும் மண்டபம் காலியில்லை. அதனால் புக்கிங்கில் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் கட்டாயம் நிரப்புங்கள். "இரவு 12 மணி" என்று எழுதுவதைத் தவிர்த்து 11:59 என்றோ 00:01 என்றோ போடுங்கள். 12 மணி எந்தத் தேதியின் 12 மணி என்பதில்தான் சண்டை வருகிறது.

நேர மண்டலம் தேர்வு செய்யும் பட்டியலில் "ஏசியா/கொல்கத்தா" என்று இருக்கிறதே, சென்னை எங்கே என்று பலர் தேடுகிறார்கள். அந்தப் பட்டியல் எங்களுடையது அல்ல. உலகம் முழுக்கக் கணினிகள் பயன்படுத்தும் பொது அட்டவணை அது. நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதால் ஒரே ஊர்ப் பெயர். மதுரைக்கும் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு காலத்தில் மதராஸ் நேரம் என்று தனியாக ஒன்று இருந்தது, ரயில்களும் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் வந்தது. மதுரை சுமார் 78.1 பாகையில் இருப்பதால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக மணி 12 தாண்டி 17 நிமிடத்துக்குப் பிறகுதான்.

ஜாதகம் கணிக்கும் வாடிக்கையாளர்களுக்கு அந்த அட்டவணை பெரிய உதவி. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் பழைய ஜாதக நோட்டில் உள்ள நேரத்தை அப்படியே போட்டால் லக்னமே மாறிவிடக்கூடும். ஊர்ப் பெயரோடு நேரத்தைச் சேமித்தால் அந்த ஒரு மணி நேரத்தை அட்டவணையே கழித்துக்கொள்ளும். வெறும் 5:30 என்று சேமித்தால் கழிக்காது.

வெளிநாட்டுக்குப் பூவும் சுங்குடிச் சேலையும் அனுப்புகிறவர்களும் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் ஊரைத் தேர்ந்தெடுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இரண்டுமே வருடம் முழுக்க மாறாது. லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்து அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு நகர்ந்து நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும். நியூயார்க் வாடிக்கையாளர் "காலை 9 மணிக்குக் கூப்பிடுங்கள்" என்றால் கோடையில் அது நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. கொழும்பு இன்று நம் நேரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1996-ல் மாற்றிக்கொண்டு 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. இன்று ஒன்றாக இருப்பது நாளைக்கும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எக்செல் பற்றி ஒரு எச்சரிக்கை. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 04-05-2025 என்று நீங்கள் எழுதிய மே 4 ஏப்ரல் 5 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்களுக்கு மாதம் கிடைக்காததால் அவை வெறும் எழுத்தாக நிற்கும். பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் நிற்பவை தவறாக மாறியிருக்கக்கூடும். எங்கள் கோப்புகளில் வருடம் முதலில் வரும்படி 2025-05-04 என்று கொடுப்பது இதற்காகத்தான். எங்காவது 01-01-1970 என்று கண்டால் பயப்பட வேண்டாம். பல கணினிகள் அந்த நாளிலிருந்து வினாடிகளை எண்ணுவதால், தேதி நிரப்பாத கட்டம் பூஜ்யமாகி அப்படித் தெரிகிறது.

பைனான்ஸ் நடத்துகிறவர்களுக்கு: ஜனவரி 31-ல் தொடங்கிய தவணை பிப்ரவரி 28-ல் விழும். அடுத்ததை அந்த 28-லிருந்து எண்ணினால் மார்ச் 28 ஆகி, பிறகு எப்போதும் 28-லேயே நின்றுவிடும். நாங்கள் ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே எண்ணுகிறோம், மார்ச்சில் அது 31-க்குத் திரும்பிவிடும். 15 வருடக் கடன் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வினாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-ஓடு எண் தீர்ந்துவிடும். எங்களுடையது 64 பிட், அதில் இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் இணைத்திருக்கும் பழைய கருவிகளைப் பற்றி அவற்றை விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 31-க்குள் செய்ய வேண்டியவை: கடைக் கணினியை அணைத்துப் போடும்போது தேதி பழைய வருடத்துக்குப் போனால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். நெட் இல்லாத நேரத்தில் பில்லுக்கு அந்தக் கடிகாரம்தான் ஆதாரம். அமைப்புகளில் நேர மண்டலத்தையும் நாள் முடியும் நேரத்தையும் சரிபாருங்கள். பழைய கணக்கை ஏற்ற வேண்டியவர்கள் மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் கோப்பை அனுப்பிவிடுங்கள். பூ மார்க்கெட் கடைக்காரர்களுக்காக மார்ச் 31 இரவு முழுவதும், ஏப்ரல் 1 காலை 6 மணி வரை, எங்கள் ஆள் ஒருவர் போனில் இருப்பார்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் பிரிவு,
மாட்டுத்தாவணி, மதுரை.