சமோவாவைப் பற்றி சமோவாக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் புத்தகப் பக்கத்தில் பசிபிக் தீவுகள் பற்றி வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். சமோவாவுக்கு என்று மூன்று பெயர்கள்: அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் மீட், அவரை மறுத்து எழுதிய இன்னொரு மானுடவியலாளர் டெரெக் ஃப்ரீமன், அப்புறம் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதிய ஸ்டீவன்சன். மூன்று பேருமே வெளியிலிருந்து போனவர்கள். அவர்களைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரும் பேனாவைத் தொட்டதே இல்லை என்றுதான் தோன்றும்.

மீட் 1925-ல் அங்கே போனபோது அவருக்கு வயது 23. தாவூ என்ற சின்னத் தீவில் சில மாதங்கள் இருந்து, பெண் பிள்ளைகளிடம் பேசி, அங்கே வளரிளம் பருவம் பெரிய கொந்தளிப்பு இல்லாமல் கழிகிறது, காதல் விஷயத்தில் கெடுபிடி குறைவு என்று 1928-ல் எழுதினார். உலகமே படித்தது. அவர் இறந்த பிறகு, 1983-ல், ஃப்ரீமன் வந்து எல்லாம் தவறு என்றார். அதிலிருந்து மானுடவியல்காரர்கள் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். சரி, யாரைப் பற்றி இந்த வழக்கோ அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள்?

அதற்கு சமோவா எழுத்தாளர் சியா ஃபிகியெல் 1996-ல் எழுதிய ‘வேர் வி ஒன்ஸ் பிலாங்ட்’ நாவலுக்குப் போக வேண்டும். 13 வயது அலோஃபா கதை சொல்கிறாள். தோழிகளோடு சேர்ந்து சார்லிஸ் ஏஞ்சல்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகிகள் மாதிரி நடித்துக்கொண்டு திரிகிற வயது, ஆனால் என்ன செய்தாலும் ஊர்க் கண் அவர்கள் மேலேயே இருக்கிறது, அடியும் வசவும் தேவாலயமும் வம்புப் பேச்சுமாக வாழ்க்கை நகர்கிறது. மீடும் ஃப்ரீமனும்கூட நாவலில் வருகிறார்கள், நம் பெண்களைப் பற்றி அடித்துக்கொள்ளும் இரண்டு வெள்ளைக்காரர்களாக! படித்தபோது சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் கொஞ்சம் உறைத்தது.

ஆல்பர்ட் வெண்டை எப்படி விட்டீர்கள் என்றுதான் புரியவில்லை. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் 1939-ல் பிறந்தவர், பசிபிக் இலக்கியம் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. அவருடைய ‘பூலியூலி’ (1977) சின்ன நாவல்தான். 76 வயது மத்தாய், அதாவது குடும்பத் தலைவர், ஊரே மதிக்கும் மனிதர், ஒரு நாள் காலையில் கண் விழிக்கிறார். மனைவி, மக்கள், ஊர் எல்லாமே குமட்டுகிறது. பைத்தியம் பிடித்தவர்போல நடிக்கத் தொடங்குகிறார். பதவி, குடும்பம், பாதிரியார், அரசியல் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது அந்த ஒரு நடிப்பில் வெளியே வந்துவிடுகிறது. ஆய்வு நூல் பத்து படித்தாலும் இது கிடைக்காது என்பேன்.

வரலாறு வேண்டுமென்றால் சமோவா வரலாற்றாசிரியர் மலாமா மெலெய்சியா 1987-ல் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் மாடர்ன் சமோவா’ இருக்கிறது. 1899-ல் ஜெர்மனியும் அமெரிக்காவும் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டன, 1914-ல் ஜெர்மனியின் பங்கை நியூசிலாந்து பிடித்தது. நவம்பர் 1918-ல் ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் கப்பலை, அதில் அப்போது பரவிய கொள்ளைக் காய்ச்சலான இன்ஃப்ளூயன்சா பிடித்தவர்கள் இருந்தும், நியூசிலாந்து அதிகாரிகள் தனிமைப்படுத்தாமல் ஆப்பியாவில் இறங்க விட்டார்கள். மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவா, துறைமுகத்தைக் கண்டிப்பாக அடைத்து, ஒரு உயிரைக்கூட இழக்கவில்லை. நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த மாவ் விடுதலை இயக்கம் அவ்வளவு வேகமாகப் பரவியதில் இந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1929 டிசம்பர் 28 அன்று ஆப்பியாவில் அமைதியாக ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது, தலைவர் தமசேசேயும் அதில்தான் இறந்தார். விடுதலை 1962-ல்தான் வந்தது. இது தெரியாமல் வெண்டின் நாவல்களைப் படித்தால் பாதிதான் பிடிபடும்.

ஸ்டீவன்சனைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம், இருக்கட்டும். 1892-ல் அவர் எழுதிய ‘எ ஃபுட்நோட் டு ஹிஸ்டரி’ வல்லரசுகளின் தூதர்கள் அங்கே செய்த அட்டகாசத்தைத் தாட்சண்யமில்லாமல் சொல்கிறது. 1889 புயலில் ஆப்பியா துறைமுகத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற ஜெர்மன், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சிதைந்துபோன பகுதிக்காகவே வாங்கலாம்.

அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது வெண்டையும் ஃபிகியெலையும் மேலே வையுங்கள், மீடும் ஃப்ரீமனும் கீழே நின்று சண்டை போடட்டும். முடிந்தால் முறையாக அனுமதி வாங்கி ‘பூலியூலி’யின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்