பூங்காவுக்குப் பட்டா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுமனை விளம்பரத்தில் 'டிடிசிபி அப்ரூவ்டு' (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றது) என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்குபவருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. எனக்கும் தீர்ந்தது. சென்னைக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கினேன். வரைபடத்தில் பச்சை அடித்த கட்டத்தைக் காட்டி, "பூங்கா உங்கள் வாசலுக்கு எதிரிலேயே சார்" என்றார் விற்றவர். அந்தக் கட்டத்தில் இன்று சீமைக்கருவேலமும், அக்கம்பக்கத்தில் வீடு கட்டியவர்கள் கொட்டிய உடைகல்லும் கிடக்கின்றன. போன ஆடியில் ஒரு லோடு ஜல்லியும் இறங்கியது. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்கமாட்டார்களே என்ற சந்தேகத்தில்தான் விசாரிக்கப் போனேன்.

இப்போது நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட இடம் என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி இலவசமாக ஒப்படைக்க வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்ப முடியாது. அதற்குக் கீழே 3,000 சதுர மீட்டர் வரை, இடம் விட முடியாத நிலையில், வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அடுக்குமாடிக்கும் வணிக வளாகத்துக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு.

எங்கள் ஐந்து ஏக்கரில் சாலை போக மூன்றரை ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் திறந்தவெளி 35 சென்ட். 1,200 சதுர அடியாகப் பிரித்தால் பன்னிரண்டு மனைகள். அவற்றைச் சும்மா விட யாருக்குத்தான் மனம் வரும்?

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். தானப்பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. பட்டாவைப் பார்த்தபோதுதான் திகைத்தேன். மனைப்பிரிவு போடுவதற்கு முன் அங்கே நெல் விளைவித்தவர் பெயரிலேயே அது இருக்கிறது. தானம் வாங்கிய ஊராட்சி தன் பெயருக்கு மாற்றவே இல்லை. அந்த விவசாயியின் வாரிசிடம் 'பேசி முடித்துவிட்டதாக'ச் சொல்லும் ஒருவருடையதுதான் ஜல்லி. அவரிடம் பட்டா நகல் இருக்கிறது. எங்களிடம் இருப்பது பச்சை அடித்த வரைபடம்.

பூங்கா இடத்தைக் கைமாற்றுவது செல்லாது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அப்பகுதிவாசிகள். ஒவ்வொரு மனைப்பிரிவிலும் குடியிருப்பவர்கள் டெல்லி வரை போய்க்கொண்டிருக்க முடியுமா?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. தானப்பத்திரம் பதிவானதோடு உள்ளாட்சி இறுதி ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாது. திறந்தவெளிக்குத் தனி உட்பிரிவு எண் போட்டு, பட்டா உள்ளாட்சியின் பெயருக்கு மாறி, நான்கு மூலையிலும் கல் நட்டு, கம்பிவேலி போட்ட பிறகே முதல் மனை கிரயமாக வேண்டும். வேலிச் செலவு மனை போடுகிறவருடையது. அனுமதி தாமதமாகும் என்பார்கள். வீடு கட்டுகிறவனை அலையவிடக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். 2,500 சதுர அடி வரையுள்ள மனைக்கு, உரிமையாளரே சான்றளித்துக் கட்டட அனுமதி பெறும் சுயசான்று முறை 2024-இல் வந்தபோது மகிழ்ந்தவன் நான். ஆனால் ஐந்து ஏக்கரைக் கூறுபோட்டு விற்பவருக்கு ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்?

மனை வாங்கப் போகிறவர்கள் தங்கள் மனையின் பட்டாவோடு பூங்காவின் பட்டாவையும் கேட்டுப் பார்க்கட்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு அது தோன்றவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுக் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்கள். அக்டோபர் 2-இல் கேட்டபோது சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்றார்கள். சர்வேயர் இன்னும் வரவில்லை. ஜல்லிக்குப் பக்கத்தில் போன வாரம் செங்கல் இறங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
மனை வாங்கிய வாசகர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்