பழைய கதையை திருப்பி எழுதினா காப்பியா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல, பழைய மாயாஜாலக் கதைய எடுத்து நாவலா எழுதுறதெல்லாம் கற்பனை வறட்சினு ஒருத்தர் எழுதியிருந்தாரு, எனக்கு ஒத்துக்க முடியல சார்.

போன மாசம் பாண்டி சண்டே மார்க்கெட்ல பின் அட்டை கிழிஞ்ச 'விக்கட்' நாவல் அம்பது ரூபாய்க்கு கெடைச்சுது, கிரிகரி மாக்வயர் 1995ல எழுதினது. 1900ல எல். ஃபிராங்க் பாம் எழுதின, ஓஸ்ங்கற மாயாஜால நாட்டுக் கதையில வர்ற சூனியக்காரிக்கு ஒத்தக் கண்ணு, ஒரு பேர் கூட கெடையாது. மாக்வயர், பாம் பேரோட முதல் எழுத்துங்கள (எல், எஃப், பி) வச்சே அவளுக்கு எல்ஃபபானு பேரு வச்சு, பச்சைத் தோலோட பொறந்த குழந்தையா ஆரம்பிச்சு, காலேஜ் அனுப்பி, பேசுற மிருகங்களோட உரிமைய புடுங்குற மந்திரவாதிய எதிர்த்து நிக்க வைக்கிறாரு. முடிவ மாத்தவே இல்ல, அதே டோரதிங்கற சின்னப் பொண்ணு, அவ ஊத்துற அதே ஒரு பக்கெட் தண்ணியில சூனியக்காரி சாகுறா, ஆனா பழைய கதையில அதுக்கு கைதட்டுன நமக்கு இங்க வயித்த பெசையுது.

அவ்ளோ தூரம் ஏன் சார், எங்க திருப்பாதிரிப்புலியூர்ல 1906ல பொறந்த புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்துல என்ன பண்ணாரு? (அது சிறுகதைதான், இருக்கட்டும்.) கல்லா இருந்து எழுந்த அகலிகை, சீதைய ராமன் தீக்குளிக்கச் சொன்னத கேட்டுட்டு மறுபடி கல்லாயிடுறா. ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது புடிக்காம போகலாம், நான் கண்டுக்கலனு கதைக்கு மேலயே போட்டுட்டுதான் எழுதினாரு மனுஷன்.

கட்டுரை எழுதினவரு இத படிச்சிருக்காரானு கேட்டு சொல்லுங்க சார்.

- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்