இங்கிலீஷ் டீச்சருக்கு பயாலஜி எதுக்குன்னு கேட்டியே அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கியா, அத்தான், பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியம்தானே. அம்மாவுக்கு முட்டு வலி இப்ப எப்படி இருக்கு, எண்ணெய் தேய்க்கிறதை விட்டுடாதீங்க. போன்ல பேசலாம்னா நான் ஃப்ரீயா இருக்கிற நேரம் உனக்கு ஸ்கூல், நீ ஃப்ரீயா இருக்கிற நேரம் எனக்கு கிளாஸ், அதான் உட்கார்ந்து எல்லாத்தையும் டைப் பண்ணி அனுப்புறேன், பொறுமையா படி.

முதல்ல நல்ல சேதி. நீ வெயில்ல மூணு தடவை அலைஞ்சு வாங்கி அனுப்புனியே டிரான்ஸ்கிரிப்ட், அதான் காலேஜ் மார்க் பட்டியல், சீல் உடையாம வந்து சேர்ந்துச்சு. அதை மதிப்பீடு பண்ற ஆபீஸுக்கு அனுப்பி ரிசல்ட்டும் வந்தாச்சு. கல்யாணத்துக்காக நான் ரெண்டாம் வருஷத்தோட நிறுத்துன பி.ஏ.ல என்னென்ன இங்க செல்லும்னு ஒவ்வொரு பேப்பரா கணக்கு போட்டு காலேஜ்ல சொன்னாங்க. இங்கிலீஷ் பேப்பர் எல்லாம் அப்படியே எடுத்துப்பாங்கன்னு நெனச்சேன், அதுல பாதிதான் தேறுச்சு. ஆனா பார்ட் ஒன் தமிழ் இருக்குல்ல, நாலு செமஸ்டர் தமிழ், அதை வேற்று மொழிப் பாடம்னு சொல்லி கிரெடிட் குடுத்துட்டாங்க. அதை பார்த்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சுக்கா. இலக்கணம் எழுதறதுக்கு அப்பா ராத்திரி கூடவே உட்கார்ந்திருப்பாரு, அந்த மார்க்கு இத்தனை வருஷம் கழிச்சு அமெரிக்காவுல அட்லாண்டா பக்கத்துல ஒரு காலேஜ்ல செல்லுது.

இப்ப உன் கேள்விக்கு வரேன். ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத்தானே படிக்கிறே, அப்புறம் எதுக்குடி பயாலஜி, கணக்கு, அரசியல் சட்டம்னு கேட்டே. நானும் முதல் மாசம் இதையேதான் வீட்டுக்காரர்கிட்ட புலம்பிட்டு இருந்தேன்.

நம்ம ஊர்ல நீ பி.ஏ. முடிச்சு, தனியா பி.எட். போனே. இங்க ரெண்டும் சேர்ந்த ஒரே டிகிரி, நாலு வருஷம், மொத்தம் 120 கிரெடிட். ஒரு சப்ஜெக்டுக்கு பொதுவா மூணு கிரெடிட், வாரத்துக்கு மூணு மணி நேரம் கிளாஸ்னு வச்சுக்கோ. இந்த 120ல 42 கிரெடிட் பொதுப் பாடம், ஜார்ஜியா மாநிலத்தோட அரசு காலேஜ் எல்லாத்துக்கும் ஒரே கணக்கு, இப்ப அதுக்கு கோர் இம்பேக்ட்ஸ்னு பேர் வச்சிருக்காங்க. டீச்சர் ஆகப் போறவளும் சரி அக்கவுண்ட்ஸ் படிக்கிறவனும் சரி அதை முடிச்சே ஆகணும். ஒரு அரசு காலேஜ்ல முடிச்சுட்டா இன்னொரு அரசு காலேஜுக்கு மாறினாலும் அது கூடவே வரும், அதனாலதான் நான் வீட்டுப் பக்கத்துல இருக்கிற சின்ன காலேஜ்ல, ஃபீஸ் கம்மியா இருக்கிற இடத்துல, முதல் ரெண்டு வருஷத்தை முடிக்கிறேன். கட்டுரை எழுதுற பேப்பர் ரெண்டு, கணக்கு ஒன்னு, அமெரிக்க அரசாங்கம், அமெரிக்க வரலாறு, இலக்கியம், சமூகவியல் மாதிரி ரெண்டு, சயின்ஸ் ரெண்டு அதுல லேப் உண்டு. இதுக்கு மேல 18 கிரெடிட் நம்ம துறைக்கான அடிப்படை, அதுலதான் பள்ளிக்கூடம் எப்படி நடக்குது, பிள்ளைங்க எப்படி கத்துக்குதுங்கன்னு மூணு பேப்பர் வரும். அதுக்கப்புறம்தான் பாடம் நடத்தற முறை, ஸ்கூலுக்கு போய் பழகறது எல்லாம். அந்த கட்டத்துக்குள்ள விடறதுக்கு மார்க் சராசரி 4க்கு 2.5 இருக்கணும், கைரேகை எடுத்து போலீஸ் பதிவெல்லாம் பார்த்த பிறகுதான் பிள்ளைங்க இருக்கிற கிளாஸ் உள்ளயே அனுப்புவாங்க. அந்த விஷயத்துல ரொம்ப கறாரு, அது நல்லதுன்னுதான் எனக்கு தோணுது.

ஒரு தப்பும் நடந்துச்சு, உன்கிட்ட சொல்லல அப்ப. முதல் செமஸ்டர்ல எனக்கு எந்த கோர்ஸ் எடுக்கணும்னு சொல்ல வேண்டிய அட்வைசர், சயின்ஸ் பிள்ளைங்க எடுக்கிற கணக்கை எனக்கு போட்டு விட்டுட்டாங்க. மூணு வாரம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டேன், அப்புறம் பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லித்தான் தெரியும் டீச்சர் படிப்புக்கு இது தேவையே இல்ல, வேற ஒரு கணக்கு பேப்பர் இருக்குன்னு. அதை விட்டு வெளிய வந்தேன், கட்டுன பணம் போச்சு, மார்க் பட்டியல்ல பாதியில விட்டதுக்கான டபிள்யூ எழுத்தும் நிக்குது. அன்னைக்கு கார்லயே உட்கார்ந்து அழுதேன். இப்ப டிகிரிக்கான கோர்ஸ் லிஸ்ட்டை நானே பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன், எது முடிஞ்சுதோ அதை பேனாவால கோடு போடுறேன், யார் சொன்னாலும் அதை பார்க்காம சேர்றதில்ல.

எனக்கு வேண்டியிருந்த கணக்கு என்ன தெரியுமா, வட்டி, நிகழ்தகவு, புள்ளியியல், இந்த மாதிரி வாழ்க்கைக்கு வர்றது. அதுல பர்சென்டைல்னு ஒரு பாடம். இங்க மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஜார்ஜியா மைல்ஸ்டோன்ஸ்னு மாநிலப் பரீட்சை உண்டு, அது போக ஸ்கூல்லயும் அடிக்கடி ரீடிங் டெஸ்ட் வைப்பாங்க. போன வருஷம் நம்ம சின்னவனுக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தப்ப 45 பர்சென்டைல்னு இருந்துச்சு, நான் 100க்கு 45 மார்க்குனு நெனச்சு அந்த பிள்ளையை திட்டிட்டேன்க்கா. அது மார்க்கே இல்ல. நூறு பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சா இவன் சுமார் 45 பேருக்கு முன்னாடி நிக்கிறான்னு அர்த்தம், அதாவது கிட்டத்தட்ட நடுவுல இருக்கான். இதை கிளாஸ்ல போர்டுல வரைஞ்சு காட்டினப்ப எனக்கு திட்டுனதுதான் ஞாபகம் வந்துச்சு, சாயந்தரம் போய் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். நாளைக்கு நான் டீச்சரா உட்கார்ந்து ஒரு அம்மாகிட்ட இந்த பேப்பரை நீட்டுவேன்ல, அந்த அம்மா முகம் எப்படி மாறும்னு எனக்கு இப்பவே தெரியும். அப்ப இந்த கணக்கு எனக்கு வேணுமா வேண்டாமா சொல்லு.

பயாலஜி லேப்ல என்னோட பார்ட்னர் 18 வயசு பையன், என்னை மேடம்னுதான் கூப்பிடுவான். வெங்காயத் தோலை உரிச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்து ரிப்போர்ட் எழுதணும். நம்ம படிச்சப்ப படம் வரைஞ்சு பாகம் குறிச்சா மார்க் வந்துரும். இங்க அப்படி இல்ல, நீ என்ன சொல்ற, அதுக்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எப்படி நீ சொன்னதை நிரூபிக்குதுன்னு மூணையும் வரிசையா எழுதணும். அப்பதான் புரிஞ்சுது, இதே மூணைத்தானே மிடில் ஸ்கூல் பிள்ளைக்கு இங்கிலீஷ் கிளாஸ்ல கட்டுரைக்கு சொல்லிக் குடுக்கணும். இங்க இங்கிலீஷ் பாடத்துக்கு லாங்குவேஜ் ஆர்ட்ஸ்னு பேரு, கதையும் பாட்டும் மட்டும் இல்ல, தேனீ பத்தி ஒரு கட்டுரை, எரிமலை பத்தி ஒன்னு, கோர்ட் தீர்ப்பு பத்தி ஒன்னுன்னு எல்லாத்தையும் அந்த கிளாஸ்லதான் படிப்பாங்க. அதை நடத்தறவளுக்கு செல்லுனா என்னன்னு தெரியாம இருந்தா பன்னெண்டு வயசுப் பிள்ளை கண்டுபிடிச்சுரும், உனக்கு தெரியாததா.

அமெரிக்க அரசாங்கம் பேப்பரை இங்க யாரும் தப்பிக்க முடியாது, அமெரிக்காவோட, ஜார்ஜியாவோட வரலாறும் அரசியல் சட்டமும் தெரிஞ்சாத்தான் டிகிரி குடுக்கணும்னு மாநிலச் சட்டமே இருக்கு. அமெரிக்க அரசியல் சட்டம் 1787ல எழுதினது, அதை ஏத்துக்கிட்டதுல ஜார்ஜியா நாலாவது மாநிலம், 1788 ஜனவரி 2. ஜார்ஜியாவுக்கு தனியா ஒரு அரசியல் சட்டம் உண்டு, இப்ப நடப்புல இருக்கிறது 1983ல வந்தது. மாநிலத்துக்கு தனி அரசியல் சட்டம்ங்கிறதே எனக்கு புதுசு. புத்தகத்துக்கு காசு வேண்டாம், ஓப்பன்ஸ்டாக்ஸ்னு இலவசமா நெட்லயே கிடைக்குது.

ஆனா வரலாறு பேப்பர்லதான் நான் மனசை பறிகுடுத்தேன். அதை விவரமா சொல்லணும்.

இந்த ஜார்ஜியால செரோக்கின்னு ஒரு பூர்வகுடி மக்கள் இருந்தாங்க. அவங்கள்ல சிக்வோயான்னு ஒருத்தர், இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாதவரு. வெள்ளைக்காரங்க பேப்பரை பார்த்து பேசுறாங்களே, நம்ம பேச்சுக்கும் அப்படி ஒன்னு இருந்தா என்னன்னு வருஷக்கணக்கா உட்கார்ந்து, 1821ல தன்னோட மொழிக்கு தனியா எழுத்தே உண்டாக்கிட்டாரு. அது ஏ பி சி டி மாதிரி இல்லக்கா, நம்ம உயிர்மெய் மாதிரி! ஒரு எழுத்துக்கு ஒரு முழு சத்தம், க, லா, நி இப்படி. நமக்கு 247, அவங்களுக்கு 85. கொஞ்ச வருஷத்துல அந்த ஜனங்கள்ல நிறைய பேர் படிக்க ஆரம்பிச்சு, 1828ல நியூ எக்கோட்டாங்கிற அவங்க தலைநகர்ல இருந்து செரோக்கியும் இங்கிலீஷுமா பத்திரிகையே வந்துச்சு. அதுக்கு பத்து வருஷம் கழிச்சு, 1838ல ராணுவத்தை வச்சு அவங்களை மண்ணை விட்டு விரட்டி மேற்கே நடக்க விட்டாங்க, ஏறக்குறைய 4,000 பேர் செத்தாங்கன்னு சொல்றாங்க. கண்ணீர்ப் பாதைன்னு அதுக்கு பேரு.

நியூ எக்கோட்டா எங்க வீட்டுல இருந்து ஒன்றரை மணி நேரம் கார்ல. போன மாசம் ஒரு சனிக்கிழமை எல்லாரும் போனோம். பெருசா ஒன்னும் இல்ல, புல்வெளி, மரவீடுங்க, திரும்பக் கட்டி வச்சிருக்கிற அச்சகம். அந்த எழுத்து வரிசையை நின்னு பார்த்தேன். இங்கிலீஷ் டி மாதிரியே ஒரு எழுத்து இருக்கு, ஆனா அதை அ னு படிக்கணும். ஆர் மாதிரி இருக்கிறது எ. டபிள்யூ மாதிரி இருக்கிறது ல. இங்கிலீஷ் தெரிஞ்ச என் கண்ணு அதை டி, ஆர், டபிள்யூன்னேதான் படிக்குது, எவ்வளவு முயற்சி பண்ணாலும் நாக்கு மாறவே இல்ல. பெரியவ கேட்டா, அம்மா இது ஏன் தப்பா எழுதியிருக்குன்னு. தப்பு இல்லடி, அவங்க எழுத்து அவங்க சத்தம்னு சொல்லும்போதே எனக்கு ஒன்னு உறைச்சுது. இந்த ஊருக்கு எத்தனையோ நாட்டுல இருந்து பிள்ளைங்க வருதுங்க, ஸ்பானிஷ் பேசறது, அரபி பேசறது. ஏழாவதுல வந்து உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்தை பார்க்கிறப்ப அதுங்க கண்ணுக்கும் இப்படித்தானே இருக்கும். அந்த பிள்ளை மக்குன்னு யாராவது சொன்னா நான் விடமாட்டேன்.

பணத்தை பத்தி அத்தான் கேட்டாருல்ல. இங்க ஹோப்னு ஒரு ஸ்காலர்ஷிப், 1993ல இருந்து லாட்டரி வருமானத்துல குடுக்கிறாங்க. நம்ம ஊர்ல 2003ல லாட்டரியை நிறுத்துனாங்களே, இங்க அதே காசுலதான் பிள்ளைங்க படிக்குது. எனக்கு கிடையாது, நான் பன்னெண்டாவது முடிச்சு ரொம்ப வருஷம் ஆயிடுச்சு. அதனால செமஸ்டருக்கு ரெண்டு, மூணு சப்ஜெக்ட்தான் எடுக்கிறேன், வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்க்கிறாரு, சமாளிச்சுக்கலாம், அம்மாகிட்ட கவலைப்பட வேண்டாம்னு சொல்லு.

இப்ப உன்கிட்ட ஒரு உதவி. அடுத்த செமஸ்டர் மேடைப்பேச்சு பேப்பர் எடுக்கிறேன், எல்லார் முன்னாடியும் நின்னு ஏழு நிமிஷம் பேசணும். நான் நம்ம எழுத்தையும் சிக்வோயா எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேசலாம்னு இருக்கேன். அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் சார்ட் பேப்பர்ல உயிர்மெய் அட்டவணை எழுதி சுவத்துல ஒட்டினாரே, பரண்ல டிரங்க் பெட்டி அடியில சுருட்டி வச்சிருக்கும், அம்மாவுக்கு தெரியும். அதை எடுத்து வெளிச்சத்துல விரிச்சு போட்டோ எடுத்து அனுப்பு. ஙகர வரிசையில மை ஊத்தி கறை ஆனது, நான்தான் ஊத்துனேன், அந்த கறை தெரியற மாதிரியே எடு. கூரியர்ல அனுப்பாத, அது வீட்டுலயே இருக்கட்டும்.

பிள்ளைங்களுக்கு முத்தம்.

உன் தங்கச்சி