சுவாமிக்குக் காபி பிடிக்குமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கம்பைப் பிடித்துக்கொண்டாவது மாடி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணை 'இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பாதே. உன் குணம் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்குக்கு டியூஷன் போகிறாள், தமிழ் இலக்கணத்துக்கு நான். மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தை மழைக்கு முன்னால் பூசி முடித்தாயிற்று.

உங்கள் ஊருக்கு வந்து தங்கிய சுவாமிஜியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கூட வந்த பிரம்மச்சாரியை எல்லோரும் சூழ்ந்துகொண்டு, சுவாமி எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், ராத்திரி பலகாரமா சாதமா, காபி பிடிக்குமா, ரயிலில் வரும்போது ஜபமெல்லாம் எப்படி என்று துளைத்து எடுத்துவிட்டார்கள் என்றும், கீதை வகுப்பு முடிந்து 'சந்தேகம் கேளுங்கள்' என்றபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்றும் பொருமியிருக்கிறாய். ஞானி வீடு தேடி வந்திருக்கும்போது சட்னியைப் பற்றியா விசாரிப்பது என்பது உன் கேள்வி.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நான் அந்தக் கூட்டத்தின் பக்கம்தான். அவர் ஓய்வெடுக்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய், அது மட்டும் தப்பு. மற்றபடி அவர்கள் கேட்டதில் ஒரு கேள்வியைக்கூட நான் வெட்டிப் பேச்சு என்று தள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

விவேகானந்தர் கலிபோர்னியாவுக்குப் போனது நினைவிருக்கிறதா? சிகாகோவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1899ல் இரண்டாம் தடவை மேல்நாட்டுக்குப் போனவர், அடுத்த வருஷம் தொடக்கத்தில் தென் பாசடேனா என்ற ஊரில் மீட் குடும்பத்தின் வீட்டில் ஆறு வாரம்போலத் தங்கினார். மூன்று சகோதரிகள், வயதான அப்பா, இரண்டு பிள்ளைகள். சாதாரணக் குடும்பம். அந்தச் சகோதரிகளில் ஒருவர் ஆலிஸ் ஹான்ஸ்பரோ. நாற்பது வருஷம் கழித்து, 1941ல், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் தலைவராக இருந்த சுவாமி அசோகானந்தர் அந்த அம்மாளிடம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். என்ன கேள்வி தெரியுமா? எப்போது எழுந்திருப்பார், என்ன சாப்பிடுவார், என்ன உடுத்துவார், நாள் முழுக்க எப்படிப் பொழுது போகும்? நீ கோபப்பட்டாயே, அதே கேள்விகள்தான். கேட்டவர் சாமானியர் இல்லை. வேதாந்தத்தில் ஊறிய துறவி. விவேகானந்தரை நேரில் பார்க்கும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த காலம். அதனால்தான் காபி வரைக்கும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாள் சொல்லியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சமையலறையே கண்ணுக்குத் தெரிகிறது. காலையில் பழம், முட்டை, டோஸ்ட், இரண்டு கப் காபி. பிறகு தோட்டத்தில் உலாத்துவார். சாயங்காலம் பல நாள் சமையல் அவர் கையால். சப்பாத்தி செய்வார், கறி செய்வார். மசாலா அரைப்பதற்கு மேஜை முன்னால் நிற்க அவருக்குப் பிடிக்காது. வெண்ணெய்க்கு வைத்திருந்த மரக்கிண்ணத்தைத் தரையில் வைத்து, நம் பாட்டிமார் அம்மிக்கு முன்னால் உட்காருகிற மாதிரி காலை மடக்கி உட்கார்ந்துவிடுவாராம். சூடான வெண்ணெயில் மிளகாயைத் தாளிக்கிற நேரம் வந்தால், "இதோ தாத்தா வருகிறார், பெண்கள் வெளியே போகலாம்" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பாராம். வீடு முழுக்கக் கமறல், எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

அந்த வீட்டுப் பையன் ரால்ஃப் அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போடுவான், மாடி அறையிலிருந்து புகையிலை எடுத்து வருவான். ஒரு நாள் அவனிடம், "உன் கண்ணை உன்னால் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார். கண்ணாடியில்தான் முடியும் என்கிறான் அவன். "கடவுளும் அப்படித்தான். உன் கண் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார்" என்கிறார் சுவாமி. எந்த மேடையிலும் சொன்னதல்ல இது. ஒரு வீட்டில் வேலைக்கு நடுவே, ஒரு பையனுக்குச் சொன்னது. ஷூவுக்கு யார் பாலிஷ் போட்டார்கள் என்பது அற்ப விஷயம் என்று அந்தக் குடும்பம் மறந்திருந்தால் இந்த வாக்கியமும் கூடவே போயிருக்கும். உபதேசம் தனியாக, சாப்பாடு தனியாக என்று அவர் வாழவில்லை. நாம் எப்படிப் பிரித்துக் கேட்பது, சொல்லு.

சிகாகோவிலும் இப்படி ஒன்று உண்டு. 1893 சர்வமத மகாசபை நடந்தபோது லயன் என்ற தம்பதியின் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய பேத்தி கார்னிலியா காங்கருக்கு அப்போது ஆறு வயது. உலகம் பூராவும் பத்திரிகையில் அவர் பேரைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்தக் குழந்தைக்கு அவர் மடியில் ஏறி உட்கார்ந்து குரங்கு, மயில், ஆலமரம் என்று கதை கேட்பதுதான் வேலை. தலைப்பாகையை மறுபடி மறுபடி கட்டிக் காட்டச் சொல்வாளாம், அவரும் கட்டிக் காட்டுவாராம். பெரியவளான பிறகு இதையெல்லாம் எழுதி வைத்தாள். அமெரிக்கச் சாப்பாடு அவருக்குச் சப்பென்று இருக்குமோ என்று பாட்டிக்குக் கவலை. டபாஸ்கோ என்ற காரமான சாஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் விட வேண்டும் என்றாளாம். அவர் தாராளமாகக் கொட்டிக்கொண்டார். மேஜையில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். அவரோ நன்றாக இருக்கிறதே என்று சாப்பிட்டார். அதிலிருந்து அவர் உட்காரும் இடத்தில் அந்தப் பாட்டில் எப்போதும் இருந்தது.

இன்னொன்றும் அவள் எழுதியிருக்கிறாள். சொற்பொழிவுக்குக் கிடைத்த பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து பாட்டி மடியில் கொட்டுவாராம், பெருமைப்படுகிற சின்னப் பிள்ளைபோல. பாட்டிதான் காசை எண்ணவும் அடுக்கவும் கற்றுக்கொடுத்தாள். துறவு என்றால் என்ன என்று எத்தனையோ வியாக்கியானம் படித்திருக்கிறோம் நீயும் நானும். மடியில் விழுந்த அந்தக் காசைப் படித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பணம் மட்டுமில்லை, பெட்டி படுக்கையே அவருக்குப் புதுசு. சிகாகோ போகும் வழியில், 1893 ஜூலை 10ஆம் தேதி, யோகஹாமாவிலிருந்து மதராஸ் நண்பர்களுக்கு எழுதுகிறார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், கான்டன், நாகசாகி என்று வழியெல்லாம் வர்ணிக்கிறார். அந்தக் கடிதத்திலேயே, அடிக்கடி எழுத முடியாததற்கு மன்னிப்பும் கேட்கிறார். பொருள்களை வைத்துக்கொள்வதும் அவற்றைக் கவனித்துக்கொள்வதும் தனக்குப் பழக்கமில்லை, அதிலேயே சக்தியெல்லாம் போகிறது, பெரிய தொல்லையாக இருக்கிறது என்கிறார். கமண்டலமும் தடியுமாக இந்தியா முழுக்கச் சுற்றியவர் கப்பலில் டிரங்குப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்.

ஆகஸ்டு மாசம் அமெரிக்காவிலிருந்து அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதம் இன்னும் துல்லியம். நீங்கள் கொடுத்த 170 பவுன் நோட்டும் 9 பவுன் ரொக்கமும் மொத்தமாக 130 ஆகிவிட்டது, தினம் சராசரி ஒரு பவுன் செலவாகிறது, ஒரு சுருட்டு நம் காசில் எட்டணா என்று கணக்கு ஒப்பிக்கிறார். வாசற்படி வாசற்படியாக ஏறி அந்தப் பணத்தைத் திரட்டியவர் அளசிங்கர். எங்கள் திருவல்லிக்கேணிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். நாற்பத்து சொச்சம் வயதிலேயே 1909ல் போய்விட்டார். அவரிடம் சுருட்டின் விலையைக்கூட மறைக்கத் தோன்றவில்லை பார், அங்கேதான் எனக்கு மனசு நெகிழ்கிறது. மதராஸில் இருப்பவர்களுக்குத் தன் அன்றாடம் தெரிய வேண்டும் என்று அவரே நினைத்திருக்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே அவர் என்ன சாப்பிடுகிறார், யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று இங்கே துருவிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். பாதிரிமார் கிளப்பிவிட்டதை ஆசாரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அளசிங்கரே கலங்கிப்போய் எழுதியிருக்க வேண்டும். 1895 செப்டம்பரில் பாரிஸிலிருந்து பதில் வருகிறது. நான் கட்டாயம் இந்து உணவுதான் சாப்பிட வேண்டும் என்றால், ஒரு சமையல்காரனையும் அவனை வைத்துக்கொள்ளப் பணத்தையும் அனுப்பச் சொல்லுங்கள் என்று! ஒரு காலணா உதவி செய்யாமல் நியமம் மட்டும் சொல்ல வந்தவர்களிடம் அவருக்கு இருந்த கோபம் அந்தக் கடிதத்தில் கொதிக்கிறது.

டபாஸ்கோ பாட்டிலை எடுத்துவைத்த அம்மாளும் அவர் என்ன சாப்பிடுகிறார் என்றுதான் பார்த்தாள். மதராஸில் வம்பளந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். ஆசையோடு கேட்பது, அளந்து பார்க்கக் கேட்பது, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டது முதல் ரகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ராத்திரிக்கு இட்லி மெத்தென்று இருக்க வேண்டுமே, வயசானவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா, பயணக் களைப்போடு இருப்பவருக்கு வெந்நீர் எத்தனை மணிக்கு வேண்டும் என்பதில் என்ன குறை கண்டாய்? பாதிப் பேருக்குக் கீதையில் சந்தேகம் கேட்கத் தெரியாது. கேட்கத் தெரிந்ததைக் கேட்டார்கள். அவர்களுடைய பக்திக்கு அதுதான் வாசல்.

அளசிங்கர் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1899 ஜூன் மாசம் விவேகானந்தர் ஏறியிருந்த கோல்கொண்டா என்ற கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு வருகிறது. பிளேக் பயம் என்று இந்தியப் பயணிகள் இறங்கத் தடை. கரையில் வரவேற்பு ஏற்பாடெல்லாம் வீண். ஜனங்கள் படகு பிடித்துக் கப்பலை ஒட்டிப் போய், வாழைப்பழம், தேங்காய், தயிர்சாதம், பட்சணம் என்று ஏற்றிவிட்டார்கள். அளசிங்கருக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது, அவர் நடத்திய 'பிரம்மவாதின்' பத்திரிகை விஷயம். ஆகவே கொழும்பு வரைக்கும் டிக்கெட் எடுத்துக் கூடவே ஏறிவிட்டார். சுவாமி அந்தப் பயணத்தைப் பற்றி வங்காளத்தில் எழுதியிருக்கிறார். அளசிங்கருக்கு நெற்றியில் தென்கலை நாமம், வெறும் கால், கையில் இரண்டு மூட்டை. ஒன்றில் வறுத்த அவல், இன்னொன்றில் பொரியும் பட்டாணியும். கப்பல் சாப்பாட்டைத் தொட்டால் ஆசாரம் கெட்டுவிடும், அதனால் இலங்கை வரைக்கும் இதைத் தின்றே காலம் தள்ளுவது என்று ஏற்பாடு. கேலியாக ஆரம்பித்தவர், இப்படித் தன்னலமில்லாமல் உழைக்கிற, குருபக்தி உள்ள மனிதர்கள் உலகத்திலேயே அபூர்வம் என்று முடிக்கிறார். சீடர்கள் குருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நினைக்கிறோம். சீடனின் மூட்டையில் இருந்த பட்டாணி வரைக்கும் குருவுக்குத் தெரிந்திருக்கிறது!

மீட் சகோதரிகளில் மூத்தவர் கேரி வைகாஃப் என்ன ஆனார் என்று கேட்பாய். பிற்காலத்தில் அவரை சிஸ்டர் லலிதா என்றார்கள். ஹாலிவுட்டில் இருந்த தன் வீட்டை சுவாமி பிரபவானந்தருக்குக் கொடுத்துவிட்டார், தென் கலிபோர்னியா வேதாந்த சங்கம் அங்கேதான் வேர்விட்டது. தென் பாசடேனா வீட்டையும் இப்போது அந்தச் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது. விவேகானந்தர் படுத்த மாடி அறை பூஜை அறை ஆகியிருக்கிறது.

ஆகவே உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் ஊருக்கு வந்த சுவாமிஜி என்ன பேசினார் என்பதை யாராவது ரெக்கார்டு செய்திருப்பார்கள். நீ மற்றதை எழுது. கிணற்றடியில் அவர் தன் துணியைத் தானே அலசிப் பிழிந்தார், கொடியில் போடும்போது நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார் என்று ஒரே வரியில் எழுதியிருந்தாயே, அதை விரிவாக எழுது. கிளம்பும்போது சமையல்கார அம்மாளிடம் என்ன சொன்னார் என்று அந்த அம்மாளையே கேள். அவளுக்கு மறந்துபோவதற்குள் கேள். ஒரு நோட்டில் தேதி போட்டு வை. நடக்காததை யாராவது சேர்த்துச் சொன்னால் விட்டுவிடு, உனக்குத் தெரிந்தது மட்டும் போதும்.

பிப்ரவரியில் முழங்கால் ஒத்துழைத்தால் இங்கே வாயேன். 1897ல் விவேகானந்தர் ஊர் திரும்பி, கடற்கரையில் ஐஸ் ஹவுஸில், இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறார்களே அங்கே, ஒன்பது நாள் தங்கியதை நினைத்து 6ஆம் தேதியிலிருந்து விவேகானந்த நவராத்திரி கொண்டாடுவார்கள். சாயங்காலம் சேர்ந்து போய்வரலாம், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். மேல் மாடி ஏற முடியாவிட்டால் கீழேயே உட்கார நாற்காலி கேட்டு வாங்கித் தருகிறேன். எந்த ரயில் என்று முன்கூட்டியே சொல், எழும்பூருக்கு வந்துவிடுகிறேன்.

உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் திருவல்லிக்கேணித் தோழி