மார்ச் 20-க்குள் 1,175 பவுண் வேண்டும்: டைட்டானிக் நினைவிடங்களுக்கான தமிழ்க் கையேடு

அன்பான சவுத்தாம்ப்டன் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

அச்சகத்தார் கடைசித் தவணை சொல்லிவிட்டார்கள். மார்ச் 20-இல் முழுப் பணமும் கட்டினால்தான் ஏப்ரல் 15 நினைவுநாளுக்குப் புத்தகம் கைக்கு வரும். 1,175 பவுண் குறைகிறது. வேறு வழியில்லாமல் மூன்றாவது முறையாக உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். டைட்டானிக் என்றால் பணக்காரர்களும் பாட்டுக் கச்சேரியும் என்றுதான் நம் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். 1912 ஏப்ரல் 10-ஆம் தேதி நண்பகலில் அந்தக் கப்பல் புறப்பட்டது நம் ஊர்த் துறைமுகத்தின் 44-ஆம் தளத்திலிருந்து. அதற்கு முந்தைய வாரங்களில் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. கப்பல்கள் கரியில்லாமல் கட்டிக் கிடக்க, ஊரில் அடுப்பெரியவில்லை. வேலை கிடைத்ததே பெரிது என்றுதான் நோர்தம் தெருக்களிலிருந்து அத்தனை ஆண்கள் அதில் ஏறினார்கள். 14-ஆம் தேதி இரவு 11.40-க்குப் பனிப்பாறை. அதிகாலை 2.20-க்குக் கப்பல் இல்லை. ஏறக்குறைய 2,200 பேர் இருந்த கப்பலில் 20 படகுகள், அவற்றில் இடம் 1,178 பேருக்கு. அந்த இடத்தையும் முழுதாக நிரப்பாமல்தான் படகுகளை இறக்கினார்கள். இறந்தவர்கள் சுமார் 1,500. அதில் 549 பேர் நம் ஊர்க்காரர்கள். கப்பல் மூழ்கிய நேரத்தோடு அவர்களுடைய சம்பளமும் நிறுத்தப்பட்டது.

கனூட் வீதியில் கப்பல் கம்பெனி அலுவலக வாசலில் பெண்கள் நாள் கணக்காக நின்று பெயர்ப் பட்டியலைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பெரும்பாலானோருக்கு அடக்கம் செய்ய உடல்கூட வந்து சேரவில்லை. கடல் கொண்டுபோனவர்களுக்காகக் கரையில் நிற்பது எப்படி என்று 2004 மார்கழிக்குப் பிறகு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் பள்ளியைத் தொடங்கிய பெரியவர்களில் மூன்று பேர் பிற்காலக் கப்பல்களில் எஞ்சின் அறையில் உழைத்தவர்கள். டைட்டானிக்கில் 29 கொதிகலன்கள், 159 உலைவாய்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 தொன் கரி, அவ்வளவும் மனிதக் கையால் அள்ளிப் போட்டது என்று அவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் வாய் திறந்து கேட்கிறார்கள். அந்த 3 பேரின் குரலும் இந்தக் கையேட்டின் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஒருவருக்கு வயது 84. அவர் காலத்திலேயே இது வெளிவர வேண்டும், முருகன் துணை.

பூங்காவில் இருக்கும் பொறியியலாளர் நினைவுச்சின்னம் 1914 ஏப்ரல் 22-இல் திறந்தபோது ஒரு லட்சம் பேர் வரை கூடினார்கள் என்பார்கள். கப்பலின் பொறியியலாளர் ஒருவரும் உயிர் தப்பவில்லை. உலகெங்கும் இருந்த சக பொறியியலாளர்களும் நண்பர்களும் சேர்ந்து எழுப்பிய சின்னம் அது. ஆனால் ஹோலிரூட் தேவாலய இடிபாட்டுக்குள் இருக்கும் சின்னத் தண்ணீர்த் தூணைப் போய்ப் பாருங்கள். கரி அள்ளியவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் மாலுமிகளுக்கும் 1915-இல் வைத்தது. பணம் கொடுத்தது யார் என்று அதிலேயே வெட்டியிருக்கிறது: விதவைகளும் தாய்மாரும் நண்பர்களும். நிவாரண நிதியில் ஏழு வகுப்பு பிரித்து, கரி அள்ளியவரின் மனைவிக்குக் கடைசி வகுப்பில் உதவிப்பணம் கொடுத்த காலம் அது. அந்தப் பெண்கள் தங்கள் காசையும் போட்டுக் கல் நட்டார்கள். அதன் முன்னால் நம் அம்மம்மாமார் நின்று தமிழில் வாசிக்க ஒரு தாள்கூட இல்லை.

கணக்கு இது. 500 பிரதி அச்சடிக்க 1,850 பவுண். ஒலிப்பதிவுக்கு 640. வரைபடம் வரைய 450. மண்டப வாடகை 180. மொத்தம் 3,120. சேர்ந்தது 1,945. எழுதியவர்கள், பிழை திருத்தியவர்கள், குழுவில் இருப்பவர்கள் யாரும் ஒரு பென்னியும் எடுக்கவில்லை.

தந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு வாய் போதாது. இரவு வேலையில் கூடுதல் மணி நேரம் நின்று அந்தச் சம்பளத்தை அப்படியே தந்த தாதியர் நான்கு பேர். ஐந்து மாதம் உண்டியல் வைத்து, நிறைந்ததும் தானே காவி வந்து தந்த பலசரக்குக் கடைக்காரர். அன்னதானத்துக்கென்று எடுத்துவைத்த 100 பவுணை, 'இதுவும் புண்ணியம்தான்' என்று கையில் வைத்துவிட்டுப் போன அம்மா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த 38 பவுண் 40 பென்ஸ். அதை எண்ணும்போது பொருளாளர் கண் கலங்கினார். உங்கள் பெயரெல்லாம் கடைசிப் பக்கத்தில் அச்சாகும், பெயர் வேண்டாம் என்ற இருவரைத் தவிர.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பொங்கல் விழாவில் 43 குடும்பங்கள் பணம் தருவதாகக் கை உயர்த்தின. 17 குடும்பங்களின் பணம் இன்னும் வரவில்லை. மேடையில் பெயர் வாசித்தபோது கைதட்டு வாங்கியவர்களும் அதில் உண்டு. வசதி குறைந்திருந்தால் சொல்லுங்கள், நாங்கள் ஒருவரிடமும் கேட்க மாட்டோம். வசதி இருந்தும் மறந்திருந்தால், உங்கள் பிள்ளை நினைவுநாள் ஊர்வலத்தில் கையேடு பிடித்து நடக்கப்போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை பொருளாளர் பள்ளி வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். ஐந்து பவுணுக்கும் ரசீது உண்டு. வர முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் உறையில் கொடுத்துவிடலாம், உறையின் மேல் குடும்பப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழு,
தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்