கான்கிரீட் ஊற்றும் முன் ஒருமுறை வந்து பாருங்கள்

கட்டட அனுமதி தரும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேலத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் அந்தப் பல மாடிக் குடியிருப்பைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கோப்பும் எங்கள் மனுக்களும் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. அங்கே வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். பிழைப்பு, ஃபேப்ரிகேஷன் பட்டறை.

இரும்புத் தூண், இரும்பு உத்தரம், அதன்மேல் டெக் ஷீட் என்கிற பள்ளமும் மேடுமான இரும்புத் தகடு, அதன்மேல் கான்கிரீட். முறையில் குறை இல்லை. நிலம் நடுங்கினால் நொறுங்காமல் நெளிந்து கொடுப்பது இரும்பின் குணம். ஆனால் தளத்தையும் உத்தரத்தையும் சேர்த்துப் பிடிப்பது, உத்தரத்தின் தலையில் வெல்ட் செய்கிற ஸ்டட்டுகள், அதாவது கான்கிரீட்டுக்குள் நீட்டி நிற்கும் குட்டி இரும்பு முளைகள். கட்டடம் ஆடும்போது தளத்தின் பக்கவாட்டு விசையை உத்தரத்துக்குக் கடத்துவதும் அவைதான்.

போன வாரம் ஐந்தாவது மாடியில் ஒரு ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். நல்ல வெல்ட் என்றால் ஸ்டட் வளையும். இது பிய்ந்து உருண்டு ஷீட்டின் பள்ளத்தில் விழுந்தது. அடியில் பாதி வட்டத்துக்குத்தான் வெல்ட் பிடித்திருந்தது. மீதி பெயிண்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசரிடம் காட்டினேன். "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். மறுநாள் போனால், ரெடிமிக்ஸ் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தது. இனி எது பிடித்திருக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று யார் பார்ப்பது?

நாங்கள் கேட்பது ஒன்றே. ஒவ்வொரு தளத்திலும் கான்கிரீட் ஊற்றும் முன், பில்டரிடம் சம்பளம் வாங்காத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் எங்கள் கண்ணிலும் பட வேண்டும்.

"சேலத்துல எங்கே சார் பூகம்பம்?" என்று உங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. அதன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேலம் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான நிலநடுக்க அபாயம் உள்ள பகுதி. அகமதாபாத்தும் அதே மண்டலம்தான். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பக்கம் நிலம் நடுங்கியதில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்காகச் சுவரில்லாமல் விட்டவை அவற்றில் பல. எங்கள் கட்டடத்திலும் கீழே பார்க்கிங்தான்.

சந்துக்குள் ஒருவர் போர்டிகோவை ஓரடி நீட்டினால் டேப்போடு ஆள் வந்துவிடுகிறது, நோட்டீஸும் வந்துவிடுகிறது. இத்தனை மாடிக்கு ஒரு சுத்தியலோடு வர ஆளில்லை. உருக்காலை இருக்கிற ஊரில் வெல்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கா பஞ்சம்? பில்டரின் விளம்பரத் தாளில் நீச்சல் குளத்துக்கு ஒரு முழுப் பக்கம். ஸ்ட்ரக்சுரல் வரைபடம் கேட்டால் மட்டும் "அது ஆபீஸ் விஷயம்".

சரி, கோபத்தில் எழுத்து எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் தளத்துக்கு ஷீட் விரித்தாகிவிட்டது. ஊற்றுவதற்கு முன் அந்த ஆய்வுக்கு உத்தரவிடுங்கள். அதுவரை லாரியை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே ஊற்றிய ஐந்தாம் தளத்துக்கு, எடை ஏற்றித் தாங்குகிறதா என்று பார்க்கும் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
முன்பணம் கட்டியவர்களில் ஒருவன்